தார்ன் துரையின் நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

முசோரியிலும் ஐதராபாத்திலும் பயிற்சி முடித்து மாவட்டங்களுக்கு வரவிருக்கும் இளம் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு,

வணக்கம். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, காவிரிப் பாசன வட்டங்களிலேயே பணிக்காலம் முழுவதையும் கழித்து ஓய்வு பெற்றவன் எழுதுகிறேன். அலுவலகமாக இருந்தால் எழுந்து நின்று "சார்", "மேடம்" என்றுதான் ஆரம்பித்திருப்பேன். இப்போது வயதின் உரிமையில் உட்கார்ந்தே பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மாவட்டங்களில் ஆட்சியர் அறைக்குள் நுழைந்தால் சுவரில் நீளமாக ஒரு பெயர்ப் பலகை இருக்கும். கும்பினி காலத்துத் துரைகளில் தொடங்கி நேற்று மாறுதலில் போனவர் வரைக்கும் வரிசையாகப் பெயரும் தேதியும். உங்கள் பெயரும் ஒருநாள் அதில் ஏறும். அந்தப் பலகையில் பெயரும் தேதியும் மட்டும்தான் உண்டு. இன்னார் இன்ன காரியம் செய்தார் என்று இருக்காது. தஞ்சாவூர் மாவட்டத்தின் அந்த வரிசையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும். பெயர் ஜே.ஏ. தார்ன், ஐ.சி.எஸ். 1930-ல் கலெக்டர்.

விடுதலைப் போராட்டத்தை வெள்ளை அரசு எப்படி ஒடுக்கியது என்று கேட்டால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ஜாலியன்வாலா பாக்தான். 1919 ஏப்ரல் 13. 1,650 ரவை. அரசாங்கக் கணக்கிலேயே 379 சாவு. அங்கே சுட உத்தரவிட்ட ஜெனரல் டயரைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை. டயர் மாதிரி ஆகிவிடுவோமோ என்று உங்களில் யாரும் தூக்கம் கெடப்போவதில்லை. அவன் வெறியன், நாம் வேறு என்று தாண்டிப் போய்விடலாம். தார்னை அப்படித் தாண்ட முடியாது. அவர் சுறுசுறுப்பான அதிகாரி. சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பிரிவு தேடியவர். மேலிடத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டவர். இன்றைய ஆண்டறிக்கையில் அவருக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் தாராளமாகக் கிடைக்கும்.

நடந்தது இதுதான். தண்டியில் காந்தி உப்பெடுத்து ஒரு வாரம் கழித்து, 1930 ஏப்ரல் 13 அன்று, சித்திரை முதல் நாள் வாக்கில், திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். வேதாரண்யம் வரைக்கும் கால்நடை, சுமார் 150 மைல். திருச்சியைத் தாண்டினால் பிறகு வழி முழுக்கத் தஞ்சாவூர் ஜில்லாதான். எல்லைக்குள் கால் வைத்ததுமே ராஜாஜியைக் கைது செய்துவிடலாம் என்பது தார்னின் யோசனை. சென்னை அரசு ஒப்பவில்லை. நடப்பது குற்றமல்லவே, உப்பை அள்ளட்டும் பார்க்கலாம் என்று இருந்துவிட்டது.

கைது இல்லையென்றால் என்ன, சோறு இல்லாமல் செய்துவிடலாம். இதுதான் கலெக்டரின் அடுத்த ஏற்பாடு. ஊர்வலத்தாருக்கு இடம் கொடுத்தாலோ உணவு கொடுத்தாலோ இந்தியத் தண்டனைச் சட்டம் 157-ன் கீழ் ஆறு மாதம் சிறை, அபராதம் என்று தமிழில் துண்டறிக்கை அச்சடித்துப் பரப்பினார். பத்திரிகையில் போட்டார். தண்டோரா போட்டார். நம் அலுவலக மொழியில் சொன்னால் "பரவலான விளம்பரம் செய்யப்பட்டது".

எந்த ஜில்லாவில்? சோழநாடு சோறுடைத்து என்று பேர் வாங்கிய ஜில்லாவில். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் போல, வழிப்போக்கனுக்கு உலை வைப்பதற்கென்றே ராஜாக்கள் சத்திரம் கட்டி விட்டுப்போன மண்ணில். சித்திரை வெயிலில் நடந்து வருகிறவனுக்கு மோர் ஊற்றினால் ஜெயில் என்று அறிவிக்க, அந்த மண்ணைப் பற்றி ஒன்றுமே தெரியாதவராக இருக்க வேண்டும், அல்லது நன்றாகவே தெரிந்தவராக இருக்க வேண்டும். தார்ன் இரண்டாவது ரகம் என்றுதான் நினைக்கிறேன். எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்திருக்கிறார்.

மிரட்டலோடு நிற்கவும் இல்லை. கும்பகோணத்தில் தொண்டர்களை வீட்டில் தங்கவைத்த பந்துலு ஐயருக்கு ஆறு மாதம் சிறை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் சோறு போட்ட ராமச்சந்திர நாயுடுவும் சிறைக்குப் போனார். ஊரில் செல்வாக்குள்ள நாலு பேரைப் பிடித்துப் போட்டால் மிச்சம் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள் என்பது கணக்கு. இந்தக் கணக்கை உங்களுக்கும் யாராவது ஒருநாள் "அனுபவசாலி"யாகச் சொல்லித் தருவார்கள்.

கதவு சாத்தப்படத்தான் செய்தது. ஆனால் சோறு நிற்கவில்லை. தொண்டர்கள் வரும் பாதையில் சாலையோர மரக்கிளைகளில் பொட்டலங்கள் தொங்கின. யார் கட்டியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆற்றங்கரையில் இளைப்பாறுகிற இடங்களில், எங்கே தோண்டினால் சோற்றுப் பாத்திரம் கிடைக்கும் என்று ஜாடையாகத் தகவல் வந்தது. மணலுக்குள் புதைத்த அண்டாவில் நூறு பேருக்கு உணவு! ஒரு கிராமம் முழுவதும் ரகசியமாகச் சமைத்து, ரகசியமாகச் சுமந்து, ரகசியமாகப் புதைத்தால்தான் இது முடியும். நூறு பேருக்கு உலை வைத்தால் எழும் புகையை எப்படி மறைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை வியப்பு. தலையாரிக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கர்ணத்துக்குத் தெரியாமலா? கீழே இருந்த வருவாய்ப் பணியாளர்கள் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறார்கள் என்றுதான் நான் கணக்குப் போடுகிறேன். எங்கள் துறையின் வரலாற்றில் நான் பெருமைப்படும் "கடமை தவறுதல்" அது ஒன்றுதான்.

இனி அந்த 157-ஐக் கொஞ்சம் பார்ப்போம். சட்டம் படித்துவிட்டு வருகிறவர்கள் நீங்கள். நான் அலுவலகத்தில் கற்றவன், பிழையிருந்தால் திருத்துங்கள். சட்டவிரோதக் கூட்டத்தில் சேருவதற்காகக் கூலிக்குப் பிடிக்கப்பட்டவரோ அமர்த்தப்பட்டவரோ என்று தெரிந்தே, தன் வசத்திலுள்ள வீட்டிலோ இடத்திலோ ஒருவரை வைத்துக்கொண்டால் தண்டனை என்பது அந்தப் பிரிவின் சாரம். அடியாள் திரட்டித் தோட்டத்து வீட்டில் தங்கவைத்துக் கலகத்துக்கு அனுப்புகிற பெரிய மனிதர்களுக்காக எழுதியது போலத்தான் படுகிறது. ராஜாஜியோடு நடந்தவர்களை யாரும் கூலிக்குப் பிடிக்கவில்லை. பிரிவில் வீடு இருக்கிறது, இடம் இருக்கிறது, சோறு இல்லை. மரக்கிளையும் ஆற்று மணலும் யாருடைய வீடு? சட்டம் படிக்காத அந்த ஜனங்கள், எழுத்துப்படி பார்த்தால், கலெக்டரைவிடச் சட்டத்துக்குள் நின்றிருக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 1942-ல் தண்டனைச் சட்டத்தில் 52-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, அடைக்கலம் என்றால் உணவு, நீர், பணம், துணி கொடுப்பதும் அடங்கும் என்று விளக்கம் எழுதினார்கள். அந்த விளக்கம் எந்தப் பிரிவுக்குப் பொருந்தாது என்றும் அங்கேயே விலக்கு வைத்தார்கள். முதலாவதாக விலக்கப்பட்ட பிரிவு 157. தார்ன் எதைச் சொல்லி ஊரை மிரட்டினாரோ அது அந்தப் பிரிவுக்குள் வராது என்று, பன்னிரண்டு வருஷம் கழித்து அதே வெள்ளை அரசாங்கம் தன் கைப்படவே எழுதி வைத்தது. அதற்குள் ஆறு மாதத்தை அனுபவித்தவர்கள் அனுபவித்து முடித்திருந்தார்கள்.

ஏப்ரல் 28-ல் ஊர்வலம் வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. 30-ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பள்ளினார். ஆறு மாதம் சிறை, 200 ரூபாய் அபராதம். அதன் பிறகு அங்கே நடந்தது வெறும் தடியடி. உப்பை அள்ளிய கையை விரிக்கச் சொல்லி அடித்தார்கள். ருக்மிணி லட்சுமிபதி கைதாகிச் சிறை சென்றார்; உப்புப் போரில் சிறை புகுந்த முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். முகாமுக்கு இடமும் உணவும் கொடுத்து எல்லாவற்றையும் தாங்கிநின்ற வேதரத்தினம் பிள்ளையைச் சிறையிலும் போட்டு, சொத்தையும் பறிமுதல் செய்தார்கள். அவருக்கு மக்கள் கொடுத்த பட்டம் சர்தார். பின்னாளில் அதே ஊரில் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தை எழுப்பினார். சவரத் தொழிலாளி வைரப்பன் கதையை வேதாரண்யத்தில் இன்றும் சொல்வார்கள். உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியை மடக்கிவிட்டார். முடித்துவிடு என்று மிரட்டியும் மறுத்துச் சிறைக்குப் போனார். ஒரு கலெக்டரின் உத்தரவு அடுப்படிக்குள் நுழைந்தால், பதில் எங்கிருந்தெல்லாம் வரும் பாருங்கள்.

தார்ன் முட்டாள் அல்ல. தோற்றது அவருக்கே தெரிந்தது. அரசாங்கத்தின் மேல் ஜனங்களுக்கு எந்தக் காலத்திலாவது தீவிரமான விசுவாசம் இருந்திருந்தால், அது இப்போது செத்துவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதினார். நேர்மையான குறிப்புதான். ஆனால் அந்த விசுவாசத்தைக் கொன்றதில் தன் துண்டறிக்கைக்கு என்ன பங்கு என்று அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் வேலைக்கும் ஒரு குறையும் வரவில்லை. படிப்படியாக உயர்ந்து, சர் பட்டம் வாங்கி, வைஸ்ராயின் நிர்வாக சபையில் உள்துறை உறுப்பினராக உட்கார்ந்தார். இதை நான் ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. தப்பான உத்தரவு போட்டால் பதவி போய்விடும் என்று உங்களை யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பெரும்பாலும் பதவி உயர்வுதான் வரும்.

அதே ஏப்ரலில், ஊர்வலம் நடந்துகொண்டிருந்தபோதே, பெஷாவரில் வேறொன்று நடந்தது. 23-ஆம் தேதி கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் ஆயுதமில்லாத பட்டாணியர் கூட்டத்தின் மேல் படைகளை ஏவினார்கள். கார்வால் படைப்பிரிவைச் சேர்ந்த சந்திர சிங் என்பவரும் அவருடைய ஆட்களும் நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று துப்பாக்கியை இறக்கிவிட்டார்கள். ராணுவ நீதிமன்றம் விசாரித்தது. சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை. குஜராத்தில் கேடா மாவட்டத்துக் கிராமப் பட்டேல்கள் பலர் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார்கள். பட்டேல் என்றால் நம் ஊர் மணியக்காரர் மாதிரி. "உத்தரவு சார், நாங்கள் என்ன செய்ய முடியும்" என்பதுதான் நம் துறையின் தேசிய கீதம். 1930-லேயே அதைப் பாட மறுத்தவர்கள் இருந்தார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

ஒரு விஷயத்தை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். துரை ஜில்லாவுக்கு ஒன்றிரண்டு பேர்தான். நோட்டீஸைத் தமிழில் எழுதியவர், அச்சுக்குக் கொடுத்தவர், தண்டோரா போட்டவர், பந்துலு ஐயர் வீட்டுக் கதவைத் தட்டியவர், அகத்தியம்பள்ளியில் தடியை ஓங்கியவர் எல்லாம் நம் ஆட்கள். ஆங்கிலேயன் போட்டது கையெழுத்து மட்டும். ஆகவே அவன் போய்விட்டதால் எல்லாம் போய்விட்டது என்று சொல்லாதீர்கள்.

திருநெல்வேலிச் சீமைக்குப் பணி கிடைத்தால் 1908-ஐப் படித்துவிட்டுப் போங்கள். அங்கே கலெக்டர் விஞ்ச், தூத்துக்குடியில் சப் கலெக்டர் ஆஷ். விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடியதற்காக வ.உ.சி.யையும் சுப்பிரமணிய சிவாவையும் பத்மநாப ஐயங்காரையும் மார்ச் 12 அன்று உள்ளே தள்ளினார்கள். மறுநாள் ஊர் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். பிறகு, கலகம் செய்த ஊர் என்று சொல்லித் தண்டப் போலீஸ் படையைக் கொண்டுவந்து இறக்கி, அதற்கான செலவை அந்த ஊர்க்காரர்களிடமே வரியாக வசூலித்தார்கள். உங்களைச் சுட்டவனுக்கு நீங்களே சம்பளம் கொடுங்கள் என்பதுதான் இதன் பொருள். வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே கொடுத்த இரட்டை ஆயுள் தண்டனையும் கோவைச் சிறையின் செக்கும் எல்லோருக்கும் தெரியும். இந்த வரி அவ்வளவாக நினைவில் இல்லை. 1942-ல் இதையே நாடு முழுக்கச் செய்தார்கள். கூட்டு அபராதம் என்று அவசரச் சட்டம் போட்டு, குற்றம் செய்தவன் யார் என்று பார்க்காமல் கிராமம் கிராமமாக வசூல். 1857-க்குப் பிறகு இப்படியொரு கிளர்ச்சி இல்லை என்று வைஸ்ராய் லின்லித்கோ சர்ச்சிலுக்குத் தந்தி அடித்த வருஷம் அது.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதா ஆகிவிட்டது. பழைய 157 எங்கும் போய்விடவில்லை. 189-ஆம் பிரிவுக்குள் ஓர் உட்பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144 தடை உத்தரவு, அதற்குப் பதிலாக வந்த சட்டத்தில் 163 ஆகியிருக்கிறது. எண் மாறிய அளவுக்குப் பழக்கம் மாறவில்லை. கூட்டத்துக்கு மண்டபம் கொடுத்தால் உரிமத்தில் கை வைப்போம் என்று உரிமையாளருக்குத் தொலைபேசியில் ஒரு சொல். பந்தல்காரருக்கு, ஒலிபெருக்கிக்காரருக்கு, வேன் ஓட்டுநருக்கு ஒரு சொல். போராட்டப் பந்தலுக்குத் தண்ணீர் லாரி வராது; நடமாடும் கழிப்பறை வராது. இணையம் நிற்கும். கேட்டால், சட்டம் ஒழுங்கு. சோற்றை நிறுத்தினால் ஊர்வலம் நின்றுவிடும் என்று தார்ன் போட்ட கணக்குக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சுதந்திர நாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்த அரசு, ஆகவே ஒப்பிடக் கூடாது என்று சொல்வீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. அந்நியன் ஆண்டதற்கும் இதற்கும் ஒரே தராசு ஆகாது. தேர்தல் இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது, தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. கலவரம் வருமென்று நிஜமாகவே தெரிந்தால் தடுக்க வேண்டியது உங்கள் வேலை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்தபோது எழுதப்பட்ட காகிதங்களில், சுடும் உத்தரவுக்குப் பொறுப்பாக வந்தவை துணை வட்டாட்சியர்களின் பெயர்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அந்தத் துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்தது. மாவட்ட நிர்வாகத்தையும் விடவில்லை. வ.உ.சி. கப்பல் விட்ட அதே ஊர். என் பதவிப் படிநிலையில் இருந்தவர்களின் பெயர்கள் அந்தக் காகிதத்தில் எப்படி வந்தன என்பதை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும்.

பயிற்சி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தார்னின் அறிவிக்கையை ஒரு கோப்பாக வைத்து, கீழ்நிலை எழுத்தர் குறிப்பிலிருந்து கலெக்டர் ஒப்பம் வரைக்கும் பயிற்சி அதிகாரிகளை எழுதச் சொல்லுங்கள். 157-ஐப் பிரித்துப் படித்து, "இந்தப் பிரிவு இதற்குப் பொருந்தாது" என்று முதல் குறிப்பு எழுதுகிறவர் யார் என்று பாருங்கள். அப்படி எழுதியவரை அடுத்த மேசைக்காரர் எப்படி மடக்குகிறார் என்பதையும் பாருங்கள். கண்காட்சியில் ராட்டையையும் கதர்க் குல்லாவையும் காட்டுவதைவிட அதில் அதிகம் தெரியும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யாருக்காவது இடமோ சோறோ தண்ணீரோ கிடைக்கக் கூடாது என்று நீங்கள் முடிவெடுக்கும் நாள் வந்தால், அதை வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். ஆய்வாளரை விட்டு மண்டபக்காரரிடம் பேசச் சொல்லாதீர்கள். என்ன காரணம், எந்தப் பிரிவு, எத்தனை நாள் என்று எழுதி, கீழே உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு, தமிழில் அச்சடித்து ஊரில் ஒட்டுங்கள். தார்ன் அதையாவது செய்தார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த் துறைப் பணியாளர் ஒருவர்